திருவரங்கத்து வீணையும் திருச்சி வானொலியும்

திருவரங்கம் கோயிலில் வைகுண்ட ஏகாதசிப் பெருவிழாவின் இராப்பத்து இரவுகளில், திருமாமணி மண்டபத்திலிருந்து திரும்பும் நம்பெருமாள் கருவறைக்கு எழுந்தருளும் வேளையில் மற்ற வாத்தியங்கள் யாவும் ஓய்ந்து வீணை மட்டும் ஒலிக்கும் வழக்கத்தை ‘வீணை ஏகாந்தம்’ என்பர். கல் சூழ்ந்த இடத்தின் அமைதியையும் மிக அருகில் நின்று கேட்கும் செவிகளையும் நம்பி வாசிக்கப்படும் இவ்விசைக்கு, மரத்தின் இயல்பான ஒலியே போதுமானது. காவிரியைக் கடந்தால் வரும் திருச்சிராப்பள்ளி நகரில் 1939 மே 16 அன்று தொடங்கப்பட்ட வானொலி நிலையமோ அதே கருவியை ஒலிவாங்கிக்கு முன் அமர்த்தியது. இவ்விரு தேவைகளுக்கும் இடையில்தான் இப்பகுதி வீணைகளின் உடல் பழுதுபார்க்கப்பட்டும் மாற்றியமைக்கப்பட்டும் வந்திருக்கிறது.

இங்கு புழங்கும் வீணை பெரும்பாலும் தஞ்சாவூர் மரபைச் சேர்ந்தது. 17ஆம் நூற்றாண்டில் இரகுநாத நாயக்கர் காலத்தில் 24 நிலையான மெட்டுகளுடன் உருப்பெற்றதாகக் கருதப்படும் இக்கருவி, 2013இல் புவிசார் குறியீடும் பெற்றது. முதிர்ந்த பலாமரத்தைக் குடைந்து செய்யப்படும் குடம், விரல்கள் ஓடும் தண்டி, அதன் முனையிலுள்ள யாளி முகம் ஆகிய மூன்றும் ஒரே மரத்துண்டில் அமைந்தால் அது ஏகாண்ட வீணை. தனித்தனியே செய்து பொருத்தப்பட்டால் ஒட்டு வீணை. ஏகாண்ட வீணையின் நாதத்தைப் புகழாதவர் இல்லை; ஆயினும் தண்டி வளைந்துவிட்டால் அதை மட்டும் கழற்றிச் சீர்செய்ய இயலாது என்பதால், பழுதுபார்க்கும் ஆசாரிக்கு ஒட்டு வீணையே எளியது. 1950இல் அமெரிக்காவின் ஃபெண்டர் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த குடைவற்ற மின் கிதாரில் கழுத்துப் பகுதி திருகாணிகளால் மட்டுமே உடலோடு இணைக்கப்பட்டிருந்ததையும், அதனால் உடைந்த பகுதியை வீட்டிலேயே மாற்ற முடிந்ததையும் இங்கே நினைவுகூரலாம்.

வீணையில் அடிக்கடி பழுதுக்குள்ளாவது மரமன்று, மெழுகு. தேன்மெழுகுடன் கரித்தூளைக் கலந்து, தண்டியின் இரு ஓரங்களிலும் வரப்பாக அமைத்து, அதில் உலோக மெட்டுகளை ஒவ்வொன்றாகச் செவியால் சுரம் பார்த்துப் பதிக்கும் பணிக்கு ‘மேளம் கட்டுதல்’ என்று பெயர். கோடை வெயிலில் மெழுகு இளகி மெட்டு நகரும். தந்தி உராய்ந்து மெட்டிலும் பள்ளம் விழும். ஆகவே சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மேளத்தைக் கலைத்து மீண்டும் கட்ட வேண்டியிருக்கும். குறையென எண்ணத்தக்க இந்த இளகும் தன்மையே இக்கருவியின் பெரும் பேறு: மரத்தில் ஒரு வெட்டும் விழாமல், வாசிப்பவரின் செவிக்கும் சுருதிக்கும் ஏற்பச் சுரத்தானங்களை மறுபடி மறுபடி திருத்தியமைக்க அது இடந்தருகிறது.

ஒலிவாங்கியும் ஒலிபெருக்கியும் பரவுவதற்கு முன், பெருங்கூட்டத்தின் கடைசி வரிசைக்கும் இசை எட்ட வேண்டுமெனில் கருவியையே மாற்ற வேண்டியிருந்தது. மைசூர் சௌடையா தம் வயலினில் ஏழு தந்திகள் பூட்டிக்கொண்டது அத்தகைய முயற்சியே. ஒலிவாங்கி வந்தபின் அந்த நெருக்கடி தளர்ந்து, மெல்லிய மீட்டும் நீண்ட கமகமும் தொலைவிலிருப்போர்க்கும் கேட்கலாயின. அடுத்து வந்த தொடு ஒலிவாங்கி, அதாவது மரத்தின் அதிர்வை நேரடியாக மின் அலையாக மாற்றும் சிறுவில்லை, குடத்தின் மேற்பலகையில் ஒட்டப்படுவதேயன்றி மரத்தைக் குடைவதில்லை, வேண்டாதபோது எடுத்துவிடலாம்.

தந்திகளை முறுக்கப் பயன்படும் மரப் பிருடைகளுக்கு மாற்றாகக் கிதாருக்குரிய பற்சக்கர முறுக்காணிகளைப் பொருத்துவது அவ்வாறன்று. சுருதி சேர்ப்பதை அது எளிதாக்குவதும், தொடக்க மாணவர்க்கு உதவுவதும் உண்மையே. ஆனால் அதற்காகப் பழைய வீணையில் துளையிட்டுவிட்டால் அம்மரம் முன்னிலைக்குத் திரும்பாது. புதிதாகச் செய்யும் வீணைகளில் தொடக்கத்திலேயே அவற்றை அமைத்துவிட்டு, தலைமுறைகளாக வீட்டிலிருக்கும் ஏகாண்ட வீணைகளின் பிருடைகளை மட்டும் தேய்மானத்திற்கேற்பப் புதிதாகக் கடைந்து மாற்றுவதே தக்க வழியாகும்.