புனேயில் டிகிரி படிக்கும் தமிழ் மாணவரா? ஸ்காலர்ஷிப் தேட முதல் ஆண்டு ஏன் முக்கியம்?

நீங்கள் ஹிஞ்ஜவடியில் வேலை பார்க்கிறீர்கள். தம்பியோ தங்கையோ புனேயில் ஒரு கல்லூரியில் சேர்ந்திருக்கிறார். பீஸ் கட்டுவது நீங்கள்தான். ஸ்காலர்ஷிப் கிடைக்குமா என்று தேடினால் இரண்டு பக்கமும் கதவு மூடியிருப்பது போலத் தெரியும். மகாராஷ்டிர அரசின் மகாடிபிடி தளத்தில் உள்ள ராஜர்ஷி சாகு மகராஜ் கட்டண உதவி போன்ற திட்டங்களுக்கு அந்த மாநில இருப்பிடச் சான்று வேண்டும். தமிழக அரசின் முதல் பட்டதாரி கட்டணச் சலுகையோ, தமிழ்நாட்டு கவுன்சிலிங் வழியாகச் சேர்ந்தவர்களுக்குத்தான்.

அப்படியானால் ஒன்றுமே கிடைக்காதா? கிடைக்கும். மத்திய அரசின் திட்டங்களுக்கு நீங்கள் எந்த மாநிலத்தில் படிக்கிறீர்கள் என்பது தடை இல்லை. ஆனால் அவற்றில் முக்கியமானவற்றுக்கு முதல் ஆண்டில்தான் விண்ணப்பிக்க முடியும். அதைத் தவறவிட்டால் அடுத்த வருஷம் பார்த்துக்கலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

எவை எவை?

* மத்திய அரசு ஸ்காலர்ஷிப் (பிஎம்-யுஎஸ்பி): பிளஸ் டூவில் தங்கள் போர்டில் முதல் 20 சதவீதத்துக்குள் வந்தவர்களுக்கு. குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய். பி.டெக். போன்ற படிப்புகளுக்கு நான்காம் ஆண்டில் 20,000 ரூபாய். இடங்கள் போர்டு வாரியாகப் பிரிக்கப்படுவதால், தமிழ்நாடு போர்டில் படித்தவர் புனேயில் சேர்ந்தாலும் தமிழ்நாட்டுக் கணக்கில்தான் போட்டியிடுவார்.

* இன்ஸ்பயர்: பிளஸ் டூவில் முதல் 1 சதவீதத்துக்குள் வந்து, அதே ஆண்டில் பி.எஸ்சி. அல்லது ஒருங்கிணைந்த எம்.எஸ்சி.யில் அடிப்படை அறிவியல் பாடம் எடுத்தவர்களுக்கு. ஆண்டுக்கு 80,000 ரூபாய். இதில் 20,000 ரூபாய் கோடைகால ஆராய்ச்சிக்கானது. பாஷாணில் உள்ள ஐசர் புனே மாணவர்களும் இதில் வருவார்கள். இன்ஜினீயரிங், மருத்துவம் வராது.

* பிரகதி: ஏஐசிடிஇ அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் தொழில்நுட்பப் படிப்பில் சேரும் பெண்களுக்கு. ஆண்டுக்கு 50,000 ரூபாய். குடும்ப வருமான வரம்பு 8 லட்சம். ஒரு குடும்பத்தில் இரண்டு பெண்கள் வரை வாங்கலாம். மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு இதேபோல சக்ஷம் திட்டம் உண்டு.

* எஸ்.சி. மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக்: வெளிமாநிலத்தில் படித்தாலும் சொந்த மாநிலம்தான் பணம் தரும். எனவே புனே கல்லூரி மகாடிபிடியைக் காட்டினாலும், தமிழ்நாட்டில்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

இணையத்தில் சுற்றும் பல பட்டியல்களில் இன்னமும் கேவிபிஒய் இருக்கும். 1999-ல் தொடங்கிய அந்தத் திட்டம் 2022-ல் இன்ஸ்பயருடன் இணைக்கப்பட்டுவிட்டது. ஒரு பட்டியலில் அது இருந்தால், அந்தப் பட்டியலே பழசு என்று புரிந்துகொள்ளுங்கள்.

எங்கே விண்ணப்பிப்பது?

பிஎம்-யுஎஸ்பி, பிரகதி, சக்ஷம் மூன்றுக்கும் தேசிய ஸ்காலர்ஷிப் போர்ட்டல்தான் (என்எஸ்பி). முதலில் ஆதாரை வைத்து ஒரு முறைப் பதிவு செய்து 14 இலக்க எண் வாங்க வேண்டும். போர்ட்டல் வழக்கமாக ஆண்டின் நடுவில் திறக்கும். கடைசித் தேதி வருஷா வருஷம் மாறும். இன்ஸ்பயருக்கு மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் அறிவிப்பைத் தனியாகப் பார்க்க வேண்டும். எந்த விண்ணப்பத்துக்கும் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் ஏஜென்ட்டை நம்பாதீர்கள்.

எங்கே சிக்கும்?

முதல் சிக்கல், பெயர். நம் ஊர் மார்க் ஷீட்டில் இனிஷியலோடு இருக்கும். ஆதாரில் அப்பா பெயர் முழுசாக இருக்கும். மகாராஷ்டிரக் கல்லூரியோ பெயர், அப்பா பெயர், குடும்பப் பெயர் என்று மூன்று கட்டம் கொடுக்கும். மூன்று இடத்திலும் மூன்று விதமாக இருந்தால் சரிபார்ப்பில் நின்றுவிடும். அட்மிஷன் படிவத்தை நிரப்பும்போதே ஆதாரில் உள்ளபடி எழுதுங்கள்.

இரண்டாவது, வருமானச் சான்று. அப்பா அம்மா ஊரில் இருந்தால், இ-சேவை மையம் வழியாக அதை வாங்கிக்கொண்டு ரயில் ஏறுவது நல்லது.

மூன்றாவது, வங்கிக் கணக்கு. ஆதார் எண்ணை வங்கியில் கொடுத்திருந்தால் மட்டும் போதாது. அரசுப் பணம் வருவதற்காக அந்தக் கணக்கு ஆதாரோடு 'சீடிங்' ஆகியிருக்க வேண்டும். வங்கியில் இதைத் தனியாகக் கேளுங்கள்.

நான்காவதைத்தான் பலரும் மறக்கிறார்கள். 'சப்மிட்' அழுத்தியதோடு வேலை முடியாது. கல்லூரியில் இதற்கென உள்ள நோடல் அதிகாரி அதைச் சரிபார்த்து அனுப்ப வேண்டும். அவர் அனுப்பாவிட்டால் விண்ணப்பம் அங்கேயே கிடக்கும். நேரில் போய்ப் பாருங்கள். ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும். பிஎம்-யுஎஸ்பிக்கு 50 சதவீத மதிப்பெண்ணும் 75 சதவீத வருகைப் பதிவும் கட்டாயம்.

முதல் ஆண்டு போய்விட்டால்?

அப்போது ஃபெலோஷிப் பக்கம் பாருங்கள். ஸ்காலர்ஷிப் படிப்புச் செலவுக்கு. ஃபெலோஷிப் ஒரு வேலையைச் செய்வதற்கு. அறிவியல், இன்ஜினீயரிங் மாணவர்களுக்கு மூன்று தேசிய அறிவியல் கழகங்கள் சேர்ந்து தரும் கோடைகால ஃபெலோஷிப்பில், ஒரு விஞ்ஞானியிடம் இரண்டு மாதம் வேலை பார்க்கலாம்.

இதில் புனேக்காரர்களுக்கு ஒரு வசதி. சாவித்ரிபாய் பூலே பல்கலைக்கழக வளாகத்திலேயே இருக்கும் ஐயுகா வானியல் மையமும், நாராயண்காவ் அருகே ஜிஎம்ஆர்டி ரேடியோ தொலைநோக்கியை இயக்கும் என்சிஆர்ஏவும் கோடை விடுமுறையில் மாணவர்களை எடுக்கின்றன. இவற்றுக்கெல்லாம் கோடைக்குப் பல மாதங்கள் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம் பெரும்பாலும் கேட்பார்கள். உங்களை நன்றாகத் தெரிந்த பேராசிரியர் ஒருவராவது இருக்க வேண்டும்; அந்தப் பழக்கம் கடைசி வாரத்தில் வராது.

கையில் வரும் தொகை சிறியதாக இருக்கலாம். ஆனால் மேற்படிப்புக்கோ பிஎச்.டி.க்கோ போகும்போது, அந்த இரண்டு மாத வேலையும் அதற்குக் கிடைக்கும் கடிதமும் உங்களுக்காகப் பேசும்.