ஓருடலில் இரண்டு இயங்குதளங்கள்

முன்னுரை

சங்கரன்கோவில் என்றதும் நினைவுக்கு வருவது சங்கரநாராயணர் திருக்கோலம். வலப்பாதி சிவன், இடப்பாதி திருமால். 2011-க்குப் பிறகு இவ்வூர் மாணவர்களின் வீடுகளுக்கும் ஓருடலில் இருவர் வந்து சேர்ந்தனர். அதுதான் அரசு வழங்கிய விலையில்லா மடிக்கணினி.

மடிக்கணினி வந்த கதை

2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் அன்றைய முதல்வர் ஜெயலலிதா இத்திட்டத்தைத் தொடங்கி வைத்தார். எல்காட் நிறுவனம் வாங்கித் தந்த அக்கணினிகளில் ஒரே வன்தட்டில் விண்டோஸும், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தன. பல வீடுகளுக்கு அதுவே முதல் கணினி.

ஆனால் வன்தட்டு என்பது சுழன்று சுழன்று தேயும் பொருள். சில ஆண்டுகளில் வேகம் குறையும், பிறகு ஒருநாள் நின்றே போகும். அதற்கு முன் புதிய வட்டுக்கு மாற வேண்டும். எல்லாக் கோப்புகளையும் காப்பி செய்து ஒட்டினால் போதாதா? போதாது. புதிய வட்டிலிருந்து கணினி துவங்காது.

ஏன் துவங்குவதில்லை?

விடை 1980-களில் இருக்கிறது. 1981-ல் வந்த ஐபிஎம் பிசி பிளாப்பியில் இயங்கியது. டிஸ்க்காப்பி என்ற ஒரே கட்டளையால் முழு பிளாப்பியையும் நகலெடுக்க முடிந்தது. 1983-ல் 10 எம்பி வன்தட்டுடன் பிசி எக்ஸ்டி வந்தது. ஒரே வட்டைப் பல பகுதிகளாகப் பிரிக்கும் முறையும் அப்போது வந்தது. இதற்காக வட்டின் முதல் 512 பைட் ஒதுக்கப்பட்டது. அதில் 446 பைட் துவக்க நிரல், 64 பைட் பகுதிகளின் பட்டியல், கடைசி 2 பைட் அடையாளக் குறி. இது ஒரு கோப்பு அல்ல. எனவே கோப்புகளை மட்டும் நகலெடுத்தால் இது பழைய வட்டிலேயே தங்கிவிடும்.

நகலெடுக்கும் கருவிகள்

யுனிக்ஸ் உலகில் 1970-களிலிருந்தே டிடி என்ற கட்டளை வட்டை முதல் பைட்டிலிருந்து அப்படியே நகலெடுத்து வருகிறது. பழையது எது, புதியது எது என்பதை மாற்றிக் கொடுத்துவிட்டால், வெற்று வட்டு பழைய வட்டின் மேல் எழுதப்பட்டு எல்லாம் போய்விடும்! 1990-களில் நியூசிலாந்தில் கோஸ்ட் மென்பொருள் பிறந்தது. 1998-ல் அதை சைமன்டெக் வாங்கியது. பின்னர் தைவானிலிருந்து இலவசமாகக் குளோன்ஜில்லா வந்தது.

பாதி மட்டும் போனால்?

இரண்டு இயங்குதளங்கள் உள்ள வட்டில் அந்த 446 பைட் இடத்தில் லினக்ஸின் கிரப் அமர்ந்திருக்கும். எது வேண்டும் என்று கேட்கும் வாயிற்காப்போன் அதுவே. விண்டோஸை மீண்டும் நிறுவினால், அது தன் நிரலை அங்கே எழுதிவிடும். லினக்ஸ் பகுதி வட்டில் பத்திரமாக இருக்கும், ஆனால் வாசல் அடைபட்டிருக்கும். இதை அறியாதவர் எல்லாம் அழிந்தது என்றெண்ணி அப்பகுதியை ஃபார்மட் செய்துவிட்டால், அதில் சேமித்த பாடக்குறிப்புகளும் புகைப்படங்களும் அப்போதுதான் உண்மையில் அழியும். லைவ் சிடி ஒன்றால் கிரப்பை மீண்டும் நிறுவினால் வாசல் திறந்துவிடும்.

இன்றைய புதிய கணினிகளில் ஜிபிடி என்ற வேறு முறை உள்ளது. அதிலும் துவக்கப் பகுதியை விட்டுவிட்டால் கதை இதேதான்.

முடிவுரை

இயங்குதளத்தை மாற்றுவது என்பது பொருட்களோடு வாசலையும் சேர்த்து எடுத்துச் செல்வதாகும். புதிய வட்டில் இரண்டும் துவங்குவதைக் கண்ணால் பார்க்கும்வரை பழைய வட்டை அழிக்காதிருப்பதே அறிவுடைமை. பாதியை விட்டுவிட்டு வந்தால் அது சங்கரநாராயணர் ஆகாதே!