எம்டன் தரும் பாடம்: விண்வெளியில் போர்க்கப்பல் ஒளிய முடியுமா?

போன பொங்கலுக்கு மேச்சேரி போயிருந்தபோது மொட்டை மாடியில் அக்கா பையன் கேட்டான்: "மாமா, ஸ்பேஸ்ல ஸ்டெல்த் கப்பல் நெசமாவே முடியுமா?" நாவலும் கேமுமாகத் திரிகிறவன்.

நான் மேற்கே கையைக் காட்டினேன். மேட்டூர் அனல்மின் நிலையத்தின் மேல் வெள்ளையாக நீராவி எழுந்துகொண்டிருந்தது. "அதை ஒளிச்சு வைக்க முடியுமாடா?" என்றேன்.

எரிக்கிற நிலக்கரியின் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. மீதியை எங்காவது கொட்டியே ஆகவேண்டும். மேட்டூரில் காற்றும் தண்ணீரும் வாங்கிக்கொள்கின்றன. விண்வெளியில் அதெல்லாம் கிடையாது, அகச்சிவப்பு ஒளியாக வீசுவது ஒன்றே வழி. ஆட்கள் வாழ்கிற கப்பலின் சுவர் 27 டிகிரி செல்சியஸில் இருந்தால் ஒவ்வொரு சதுர மீட்டரும் சுமார் 460 வாட் வரை வீசும். பின்னணி வானமோ மைனஸ் 270 டிகிரி. இருட்டு அறையில் பெட்ரோமாக்ஸ் விளக்கைத் தூக்கிக்கொண்டு ஒளிவது மாதிரி.

"அப்ப முடியாதுன்னு சொல்லுங்க" என்றான். நானும் ஆமாம் என்றுவிட்டேன். அந்த பதில் தப்பு என்று பிறகுதான் உறைத்தது. உறைக்க வைத்தது, நம் ஊரில் கெட்டிக்காரத் தந்திரசாலியைத் திட்டவும் பாராட்டவும் ஒரே வார்த்தையாக வழங்கும் அந்தப் பெயர்: எம்டன்.

1914 செப்டம்பர் 22 இரவு ஒன்பதரை மணி சுமாருக்கு ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் சென்னைக்கு முன்னால் வந்து நின்றது. மூன்று கிலோமீட்டருக்கும் குறைவான தூரம். போர் தொடங்கி ஏழு வாரமாகியும் கலங்கரை விளக்கம் எரிந்துகொண்டிருந்தது. சர்ச்லைட்டை அடித்து, பர்மா ஆயில் கம்பெனி எண்ணெய்த் தொட்டிகளைக் குறிவைத்து, அரை மணி நேரத்தில் சுமார் 130 குண்டுகள். இரண்டு தொட்டிகள் தீப்பிடித்தன, குறைந்தது 5 பேர் செத்தார்கள். அதன் நினைவுக் கல்வெட்டு உயர் நீதிமன்ற வளாகச் சுவரில் இன்றும் இருக்கிறது.

எம்டன் நிலக்கரியில் ஓடிய கப்பல். அதன் புகை, கப்பல் கண்ணில் படுவதற்கு முன்பே அடிவானத்துக்கு மேலே தெரியும். அதாவது, அந்தக் காலத்து வெப்பக் கசிவு. ஒளியவே முடியாத கப்பல் எப்படி சுமார் இரண்டு மாதம் இந்தியப் பெருங்கடலையே அலற வைத்தது?

கேப்டன் கார்ல் வான் முல்லர் இரண்டு வேலை செய்தார். ஒன்று, தன் வயர்லெஸை முடிந்தவரை பேசவிடாமல் கேட்க மட்டும் விட்டார். எதிரியின் சிக்னல் வலுத்தால் கிட்டத்தில் இருக்கிறான், மெலிந்தால் தள்ளி இருக்கிறான். இரண்டாவது, எம்டனுக்கு இருந்தது மூன்று புகைபோக்கி. மரச் சட்டத்தில் கித்தான் கட்டி நான்காவது ஒன்றைச் செய்தார். தூரத்திலிருந்து பார்த்தால் பிரிட்டிஷ் குரூசர்!

அக்டோபர் 28 விடிகாலை, பொய்ப் புகைபோக்கியோடு பினாங்கு துறைமுகத்துக்குள் எம்டன் நுழைந்தது. கிட்டே போய் ஜெர்மன் கொடியை ஏற்றிய பிறகே சுட்டது. ரஷ்யக் கப்பல் ஜெம்சுக் மூழ்கி 89 மாலுமிகள் இறந்தார்கள். அதன் கேப்டன் அன்றிரவு கரையில் இருந்தார். எம்டன் அங்கே யார் கண்ணுக்கும் மறையவில்லை. பார்த்தவர்களுக்கு அது எம்டன் என்று தெரியவில்லை, அவ்வளவுதான்.

இங்கேதான் என் பதில் உடைகிறது. கண்டுபிடிப்பது வேறு, யாரென்று அடையாளம் காண்பது வேறு, குறிவைத்து அடிப்பது வேறு. மூன்றையும் நான் ஒரே ஃபங்ஷனில் போட்டு எழுதிவிட்டேன். விண்வெளியில் முதலாவதைத் தடுப்பது மகா கஷ்டம். ஆனால் தெரிகிற அந்த வெப்பப் புள்ளி சரக்குக் கப்பலா போர்க்கப்பலா? கித்தான் புகைபோக்கிக்கு அங்கேயும் வேலை உண்டு.

மூன்றாவதும் லேசில்லை. எதிரி 3 கோடி கிலோமீட்டர் தள்ளி இருந்தால், நான் பார்ப்பது 100 வினாடிக்கு முந்தைய இடம். நான் விடுகிற லேசர் போய்ச் சேர இன்னொரு 100 வினாடி. பூமியின் ஈர்ப்பு அளவு முடுக்கத்தில் அவன் ஒதுங்கினால் அந்த 200 வினாடியில் சுமார் 200 கிலோமீட்டர் விலகியிருப்பான். கண்ணுக்குத் தெரிகிறான், கைக்குச் சிக்கமாட்டான்.

எம்டனின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவின் தந்தி நிலையத்தை உடைக்கப் போனது. அங்கிருந்தவர்கள் அந்த நான்காவது புகைபோக்கி போலி என்று கண்டுகொண்டு வயர்லெஸில் அலறிவிட்டார்கள். பதில் கொடுத்த கப்பலின் சிக்னல் மெலிவாக இருந்ததால், எதிரி வெகு தூரம் என்று எம்டன் கணக்குப் போட்டது. ஆனால் சுமார் 100 கிலோமீட்டரில் இருந்த ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி வாயே திறக்காமல் கிளம்பி வந்தது. அடிவானத்தில் புகை தெரிந்தபோதும், தங்களுக்கு நிலக்கரி கொண்டுவரும் கப்பல் என்றே முதலில் நினைத்தார்கள். அடையாளத்தை வைத்து ஏமாற்றியவன் அதே அடையாளத்தில் ஏமாந்தான்.

எம்டனின் ஆரம்பக் குண்டுகளே சிட்னியின் தூரமானியை உடைத்தன. ஆனாலும் சிட்னியின் பீரங்கிகள் பெரியவை. எம்டனில் 130-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள்.

பையனுக்கு போன் போட்டு இதையெல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "அப்ப நம்ம மேட்டூர் புகை மாதிரியே இன்னொரு புகையை விட்டா போதுமா மாமா?" என்றான்.

போதும்டா. அந்தப் புகையைப் பார்த்துச் சுடப்போகிறவன் சரக்குக் கப்பலைச் சுட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதை மட்டும் உன் கேமில் மறக்காமல் எழுது என்றேன்.