அம்பின் எடையும் தோலாவின் எடையும்

ஒரே பெயர், ஒரே எண் கொண்ட இரு கார்பன் அம்புத் தண்டுகள். ஒன்று பழைய தொகுதி, மற்றது புதியது. தராசிலிட்டால் எடை ஒத்துவராமற்போவதுண்டு. தண்டின்மேல் அச்சிட்ட எண் எடையைக் குறிப்பதன்று, விறைப்பைக் குறிப்பது. 28 அங்குல இடைவெளியில் இருமுனையும் தாங்கி, நடுவில் 880 கிராம் தொங்கவிட்டால் தண்டு அரை அங்குலம் வளையுமாயின் அதன் எண் 500. இழையின் தரமோ பிசினின் அளவோ குழாய்ச் சுவரின் தடிப்போ மாறினால், அதே விறைப்பு வேறொரு எடையில் கிடைத்துவிடும். எடை குறைந்த அம்பு விரைந்து சென்று இலக்கின் மேற்பகுதியில் தைக்கும். ஒலிம்பிக் தொலைவாகிய 70 மீட்டரில், நான்கைந்து கிரெயின் வேறுபாடே ஏறக்குறைய ஒரு வளையத்தை, அதாவது ஒரு புள்ளியை, மாற்றப் போதுமானது.

மூங்கிலிலும் மரத்திலும் அம்பு செய்த காலத்தில் இந்த ஏமாற்றம் இல்லை. எந்த இரண்டும் ஒத்திரா என்பதை அறிந்தே கைவினைஞர் ஒவ்வொன்றையும் எடைபார்த்துச் சேர்த்தனர். (தமிழில் 'கோல்' அம்புக்கும் பெயர், துலாக்கோலுக்கும் பெயர் என்பதை இங்கு நினைத்துக்கொள்கிறேன்.) 1939இல் அமெரிக்கரான டக் ஈஸ்டன் அலுமினிய அம்பைச் செய்தார், பின்னர்க் கார்பன் வந்தது, 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் அலுமினியக் குழாய்மேல் கார்பன் போர்த்திய எக்ஸ்10 அறிமுகமாயிற்று. இயந்திரம் ஒரு தொகுதிக்குள் இருந்த வேறுபாட்டைப் பெரிதும் போக்கியது. தொகுதிக்கும் தொகுதிக்கும் இடையிலான வேறுபாடு பெயருக்குப் பின்னால் மறைந்துகொண்டது.

மும்பைக்கு இது புதிதன்று. அம்பை நிறுக்கும் அதே கிரெயினில்தான் (64.8 மில்லிகிராம்) இவ்வூர் நாணயமும் நிறுக்கப்பட்டது. 1800ஆம் ஆண்டின் பம்பாய் ரூபாய் 179 கிரெயின். 1835ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த கம்பெனி ரூபாய் 180. இரண்டும் ரூபாயே. அந்த 180 கிரெயினே தோலா, 11.66 கிராம். மெட்ரிக் முறை வந்தபின் மும்பை நகைக்கடைப் பேச்சில் தோலா என்பது 10 கிராமாகச் சுருங்கிற்று. தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வாழும் தமிழர் ஊரிலிருந்து கொணர்ந்த 8 கிராம் சவரனும் இதனோடு சேர்ந்துகொள்ளும். பாட்டியின் "ஐந்து தோலா" 58 கிராமுக்கு மேல். பேத்தியின் "ஐந்து தோலா" 50 கிராம்.

ஒரு டஜன் அம்பை ஒருசேர வாங்க வசதியற்ற மாணவரே, உடைந்தவற்றுக்கு ஈடாக இரண்டொன்றைப் பின்னர் வாங்கிச் சேர்க்கிறார்; ஆகவே இவ்வேறுபாடு முதலில் அவரைத்தான் தாக்குகிறது. விவரமறிந்த பயிற்சியாளர்கள் ஒவ்வொரு தண்டையும் நிறுத்து, கிரெயின் கணக்கை அதன்மேலேயே எழுதச் செய்கிறார்கள். ஒவ்வாதவை பயிற்சிக்கெனத் தனி அம்பறாத்தூணிக்குப் போகின்றன.