ஜெரோமின் செவியும் பவுலாவின் நாவும்

வேற்றுமொழியொன்றைக் கற்பவர் அதன் இலக்கணத்தையும் சொற்களையும் தம்வயப்படுத்திய பின்னரும், அவர்தம் உச்சரிப்பில் தாய்மொழியின் சாயல் நீங்காதிருப்பதை நாம் அறிவோம். இதற்குக் காரணம் நாவா, செவியா, வயதா, பயிற்சியா? நான்காம் நூற்றாண்டில் எபிரெயம் கற்ற இலத்தீன் மொழியினர் இருவரின் வரலாறு இவ்வினாவுக்கு ஒளி தருகிறது. திருமறையை மூலமொழியில் பயில முற்படும் நமக்கு அது தொலைவான வரலாறு அன்று.

ஏறத்தாழ கி.பி. 375-இல் ஜெரோம் சிரியாவின் கால்கிஸ் பாலைநிலத்தில் துறவியாய் வாழ்ந்தார். அங்கே, கிறிஸ்துவை ஏற்றிருந்த யூதர் ஒருவரிடம் எபிரெயம் கற்கத் தொடங்கினார். சிசரோவின் நடையில் திளைத்திருந்த அவர் செவிக்கு அம்மொழி சீறலும் மூச்சிரைப்புமாகவே கேட்டது. பன்முறை மனந்தளர்ந்து கைவிட்டதையும், மீண்டும் தொடங்கியதையும் முதுமையில் எழுதிய மடலொன்றில் அவரே நினைவுகூருகிறார். பிற்காலத்தில் பெத்லெகேமிலும் பரனினா எனும் யூத ஆசிரியரிடம் இரவு வேளைகளில் பயின்றார். கிறிஸ்தவர் மூச்சொலிகளையும் தொண்டை ஒலிகளையும் பிழைபட உச்சரிப்பதைக் கேட்டு யூதர் நகைப்பதுண்டு என்று தீத்து நிருப விளக்கவுரையில் அவர் எழுதியுள்ளார்.

அந்நகைப்புக்குரிய பிழை சோம்பலால் விளைந்ததன்று. அயின், ஹேத் ஆகிய தொண்டை ஒலிகளுக்கு நிகரானவை அக்கால இலத்தீனிலும் கிரேக்கத்திலும் இல்லை. தாய்மொழியின் ஒலியமைப்பு ஒரு சல்லடை போன்றது; அயல்மொழியின் ஒலிகள் அதன் வழியாகவே செவியை அடைகின்றன என்று மொழியியலார் துருபெட்ஸ்கோய் 1939-இல் வெளியான தம் நூலில் விளக்கினார். சல்லடை பிரித்துக் காட்டாததை நாவு பிரித்து ஒலிப்பது அரிது. ஆதலின் உச்சரிப்புப் பயிற்சி செவியிலே தொடங்குதல் வேண்டும்.

இதற்கு நம் தமிழ் வேதாகமத்திலேயே சான்றுண்டு. காசா, கொமோரா, ஆமோஸ் ஆகிய மூன்று பெயர்களும் எபிரெயத்தில் அயின் எனும் ஒரே எழுத்தில் தொடங்குகின்றன. ஆனால் அவ்வெழுத்து முற்காலத்தில் இருவேறு ஒலிகளைக் குறித்தது. அவற்றுள் ஒன்று கிரேக்கரின் காம்மா எழுத்தின் ஒலிக்கு அணித்தாயிருந்தமையால், செப்துவஜிந்த் மொழிபெயர்ப்பாளர் காசாவையும் கொமோராவையும் அவ்வெழுத்தால் எழுதினர். மற்றொன்றுக்குக் கிரேக்கத்தில் எழுத்தில்லாமையால் ஆமோஸ் என்னும் பெயரில் அது மறைந்தே போயிற்று. அக்கிரேக்கச் செவி கேட்ட வண்ணமே இன்றும் நாம் நம் பிரசங்க பீடங்களில் இப்பெயர்களை வாசிக்கிறோம்.

சூழ்ந்துள்ள மொழியின் செல்வாக்கு யூதரையும் விட்டுவைக்கவில்லை. அலெப்பையும் அயினையும் மாற்றி உச்சரித்தமையால் பெத்செயான் ஊரார் சபையில் மன்றாட்டை நடத்தலாகாது என்று பாபிலோனிய தல்மூத் கூறுகிறது. பெத்செயானோ சித்தோப்பொலி எனப் பெயர் பெற்றிருந்த கிரேக்க நகரம். இதற்கு மாறாக, அரபு மொழி சூழ வாழ்ந்த ஏமன் நாட்டு யூதர் அவ்விரு தொண்டை ஒலிகளையும் காத்துக்கொண்டனர். அரபியிலும் அவ்வொலிகள் உண்டன்றோ! ஐரோப்பிய யூதரோ அவற்றைப் பெரும்பாலும் இழந்தனர். இனமும் மறைநூலும் ஒன்றாயிருந்தும் உச்சரிப்பு வேறுபட்டது.

அப்படியாயின், தாய்மொழியின் பிடியிலிருந்து விடுதலையே இல்லையா? இவ்விடத்தில் பவுலாவை நாம் நோக்குதல் தகும். உரோமையின் உயர்குடியிற் பிறந்து, ஐந்து பிள்ளைகளைப் பெற்று, கைம்பெண்ணான பின்னர் எபிரெயம் கற்றவர் இவ்வம்மையார். கி.பி. 404-இல் அவர் மறைந்தபோது அவர் மகள் யூஸ்தோக்கியாவுக்கு ஜெரோம் எழுதிய மடலில் ஒரு செய்தி உள்ளது. பவுலா சங்கீதங்களை எபிரெயத்திலேயே பாடினார். இலத்தீன் சாயல் சற்றுமின்றி அம்மொழியைப் பேசினார் என்பதே அது. தாமோ இளமை முதல் உழைத்துக் கற்றதை, அது தம்மை விட்டகலாதபடி இன்றும் விடாது பயில்வதாக ஜெரோம் அங்கே கூறுகிறார். இரங்கல் மடலில் புகழ்ச்சி மிகுதல் இயல்பே. ஆயினும் ஜெரோம் பவுலாவின் இலக்கண அறிவோடு நில்லாது, உச்சரிப்பையும் பாராட்டியிருப்பது கவனிக்கத்தக்கது. பவுலா எபிரெயத்தை நாடியது சங்கீதங்களைப் பாடுவதற்காகவே. நாள்தோறும் வாய்விட்டுப் பாடுவோரின் செவி தன் பிழையைத் தானே கேட்கிறது. நாவும் மெல்லத் திருந்துகிறது. முதிர்ந்த வயது தடைதான், கடக்கவொண்ணாத தடையன்று.

இறையியல் மாணவர் பலர் எபிரெயத்தைக் கண்ணால் மட்டுமே கற்கின்றனர். தேர்வுக்கு அது போதுமாயிருக்கலாம். ஆனால் அலெப்பில் தொடங்கும் 'ஓர்' ஒளியையும், அயினில் தொடங்கும் 'ஓர்' தோலையும் குறிக்கும். தமிழ்ச் செவிக்கு இரண்டும் ஒன்றே. ஆதியாகமம் மூன்றாம் அதிகாரத்தில் தோல் உடைகள் என்றிருக்குமிடத்தில், ரபி மேயிரின் சுருளில் ஒளி உடைகள் என்று எழுதியிருந்ததாக யூத மரபு கூறுகிறது. ஓர் எழுத்தின் ஒலி இத்துணைப் பொருள் வேறுபாட்டைச் சுமக்குமாயின், அதனைக் காதால் கேட்டும் வாயால் பயின்றும் அறிவது வீண் நுணுக்கம் ஆகாது. வகுப்பறையில் நாள்தோறும் ஒரு சங்கீதத்தையேனும் எபிரெயத்தில் ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து உரக்க வாசிப்பது நலம். பவுலா சென்ற வழியும் அதுவே.