ரேஸ் டிராக்கில் ஸ்போர்ட்ஸ் கார் பிரேக் திடீரென 'கைவிடுவது' ஏன்? எதை மாற்ற வேண்டும்? எப்படிக் குளிர்விக்க வேண்டும்? முழு விளக்கம்

துபாயில் 2025 ஜனவரியில் நடந்த 24 மணி நேர கார் ரேஸுக்கான பயிற்சியில், நடிகர் அஜித்குமார் ஓட்டிய போர்ஷே கார் தடுப்புச் சுவரில் மோதிச் சுழன்ற வீடியோவை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். நல்லவேளையாக அவருக்குக் காயமில்லை. சில நாட்களிலேயே அவரது அணி 991 பிரிவில் 3ஆம் இடம் பிடித்தது. அந்த விபத்துக்கு பிரேக் செயலிழந்ததே காரணம் என்று அவரது தரப்பு தெரிவித்தது.

ரேஸுக்கென்றே தயாரான காருக்கே இந்த நிலை என்றால், ஷோரூமில் வாங்கிய ஸ்போர்ட்ஸ் காரை அப்படியே டிராக்கில் இறக்கினால் என்ன ஆகும்? ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் இயங்கும் சுமார் 3.7 கி.மீ. டிராக், கோவை கரி மோட்டார் ஸ்பீட்வே போன்ற இடங்களில் சொந்த காரை ஓட்டிப் பார்க்க ஆசைப்படுபவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். இன்ஜின் பவரைக் கூட்டுவதெல்லாம் அப்புறம்.

பிரேக் உண்மையில் என்ன செய்கிறது?

காரின் வேகத்தை வெப்பமாக மாற்றுகிறது. அவ்வளவுதான். ஆனா எவ்வளவு வெப்பம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

1,500 கிலோ எடையுள்ள கார் 200 கி.மீ. வேகத்தில் வந்து, ஒரு வளைவுக்காக 80 கி.மீ.க்கு குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது வெளியாகும் வெப்பம் சுமார் 19 லட்சம் ஜூல். வீட்டுக் கணக்கில் சொன்னால், ஆறரை லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான வெப்பம். இது நடப்பது நான்கே நொடியில் என்றால், அந்த நேரத்தில் பிரேக் கையாளும் பவர் சுமார் 650 குதிரைத்திறன். பல ஸ்போர்ட்ஸ் கார்களின் இன்ஜினுக்கே அவ்வளவு பவர் கிடையாது!

இந்த வெப்பத்தில் பெரும்பங்கு முன்சக்கரங்களுக்குத்தான் போகும். 70 சதவீதம் முன்னால் போகிறது, ஒவ்வொரு முன் டிஸ்க்கும் 10 கிலோ எடை என்று கணக்குப் போட்டால், அந்த ஒரு பிரேக்கிலேயே டிஸ்க்கின் வெப்பநிலை 150 டிகிரி அளவுக்கு ஏறிவிடும். அது ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். சாலையில் நாள் முழுக்க ஓட்டினாலும் இப்படி இரண்டு முறை பிரேக் பிடிப்போமா என்பதே சந்தேகம். டிராக்கில் ஒவ்வொரு சுற்றிலும் நாலைந்து முறை பிடிக்க வேண்டியிருக்கும்.

'ஃபேட்' இரண்டு வகை... பெடலே சொல்லிவிடும்

சூட்டினால் பிரேக்கின் பிடி குறைவதை 'பிரேக் ஃபேட்' என்கிறார்கள். இதில் இரண்டு வகை உண்டு. வித்தியாசம் தெரியாமல் செலவு செய்து ஏமாறுபவர்கள் அதிகம்.

முதல் வகையில் பெடல் கல் மாதிரி கெட்டியாகவே இருக்கும், ஆனால் கார் நிற்காது. பிரேக் பேட் தன் வெப்ப எல்லையைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். பேடில் உள்ள பசைப்பொருள் சூட்டில் சிதைந்து வாயுவாகி, டிஸ்க்குக்கும் பேடுக்கும் நடுவே மெல்லிய படலமாக நின்றுவிடும். உராய்வு போய்விடும்.

இரண்டாவது வகை இன்னும் மோசம். பெடல் பஞ்சு மாதிரி அமுங்கி, அப்படியே தரையைத் தொட்டுவிடும். காலிப்பருக்குள் இருக்கும் பிரேக் ஆயில் கொதித்துவிட்டது என்று அர்த்தம். திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது, ஆவியைச் சுருக்க முடியும். நீங்கள் மிதிப்பதெல்லாம் அந்தக் குமிழிகளை அமுக்கவே போய்விடும், பேடுக்கு ஒன்றும் போய்ச்சேராது.

கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கினால் இதேதான் நடக்கும். அங்கே கியரைக் குறைத்து இறங்கித் தப்பிக்கலாம். டிராக்கில் அதற்கு அவகாசம் கிடையாது.

முதல் செலவு பிரேக் ஆயிலுக்கு

பெரிய டிஸ்க், சிவப்பு காலிப்பர் என்று ஆசைப்படுவதற்கு முன் மாற்ற வேண்டியது, கண்ணுக்கே தெரியாத பிரேக் ஆயிலைத்தான். புதிய டாட் 3 ஆயிலின் குறைந்தபட்ச கொதிநிலை 205 டிகிரி செல்சியஸ். டாட் 4-க்கு 230, டாட் 5.1-க்கு 260. ஆனால் இந்த ஆயில்கள் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். கிட்டத்தட்ட 3.7 சதவீதம் தண்ணீர் கலந்த நிலைக்கான தர அளவு டாட் 4-க்கு வெறும் 155 டிகிரி. சென்னை மாதிரி ஈரக்காற்று அடிக்கும் ஊரில் மூன்று வருஷமாக மாற்றாத ஆயிலோடு டிராக்கில் இறங்குவது விபரீத விளையாட்டு.

ரேஸ் பயன்பாட்டுக்கென 300 டிகிரிக்கு மேல் கொதிநிலை கொண்ட டாட் 4 வகை ஆயில்கள் கிடைக்கின்றன. டிராக்குக்குப் போகும் முன் புதிதாக நிரப்பி, காற்றை முழுசாக வெளியேற்ற வேண்டும். ஒரு எச்சரிக்கை: 'டாட் 5' என்பது சிலிகான் ஆயில். 5.1-உம் இதுவும் ஒன்றல்ல. பேர் ஒரே மாதிரி இருக்கிறதே என்று கலந்துவிடக் கூடாது.

அடுத்தது பேட். டிராக் பேடுகள் அதிக சூட்டைத் தாங்கும். ஆனா அதற்கு ஒரு விலை உண்டு. சூடேறாதபோது சரியாகப் பிடிக்காது, கிறீச்சிடும், டிஸ்க்கைச் சீக்கிரம் தேய்க்கும். ரேஸ் பேடோடு காலையில் ஆபீஸ் போகும் வழியில் யாராவது குறுக்கே வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். டிராக்குக்கு ஒரு செட், ரோட்டுக்கு ஒரு செட் என வைத்துக்கொள்வதே நல்லது. எந்தப் பேடாக இருந்தாலும், படிப்படியாகச் சூடேற்றி டிஸ்க்கோடு படிய வைத்த பிறகே முழு வேகத்தில் ஓட்ட வேண்டும்.

காற்றை எங்கே விட வேண்டும்?

ஸ்போர்ட்ஸ் கார்களின் முன் டிஸ்க்கைப் பக்கவாட்டில் பார்த்தால், இரண்டு தகடுகளுக்கு நடுவே இடைவெளியும் தடுப்புகளும் தெரியும். டிஸ்க் சுழலும்போது இது ஒரு பம்ப் மாதிரி வேலை செய்கிறது. நடுப்பகுதியிலிருந்து காற்றை இழுத்து, ஓரம் வழியாக வெளியே தள்ளும்.

அதனால் முன் பம்பரிலிருந்து குழாய் வைத்துக் காற்று கொண்டுவந்தால், அது போய்ச் சேர வேண்டிய இடம் டிஸ்க்கின் நடு. பலர் செய்யும் தவறு, குழாயை டிஸ்க்கின் உள்பக்க முகத்தை நோக்கித் திருப்பிவிடுவது. அப்போது ஒரு பக்கம் மட்டும் குளிர்ந்து, மறுபக்கம் கொதித்து, டிஸ்க்கில் விரிசல் விழும் வாய்ப்பு கூடுகிறது. உள்ளே வளைந்த தடுப்புகள் கொண்ட டிஸ்க் என்றால் இடது, வலது வேறு வேறு. மாற்றிப் பூட்டினால் பம்ப் சரியாக வேலை செய்யாது.

ஃபாக் லாம்ப் இருக்கும் இடத்தைத் திறந்து, சூடு தாங்கும் 3 அங்குலக் குழாயை அங்கிருந்து கொண்டுபோவது பரவலான முறை. ஸ்டீயரிங்கை முழுதாக இரு பக்கமும் திருப்பி, டயர் அந்தக் குழாயை உரசவில்லை என்பதைப் பார்த்தாக வேண்டும். இவ்வளவு வேலை வேண்டாம் என்பவர்களுக்கு எளிய வழி, சஸ்பென்ஷன் கையில் மாட்டும் பிளாஸ்டிக் காற்றுத் தடுப்பு. காருக்கு அடியில் ஓடும் காற்றை இது பிரேக் பக்கம் திருப்பிவிடும். போர்ஷே 911 ஜிடி3-யில் வரும் இந்தத் துண்டை மற்ற போர்ஷே கார்களில் வாங்கி மாட்டிக்கொள்பவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். செலவோடு ஒப்பிட்டால் இதைவிட நல்ல அப்கிரேடு குறைவு.

உண்மையில் சூடு எவ்வளவு ஏறுகிறது என்று தெரியாமல் குழாய் வாங்குவதும் வீண்தான். டிஸ்க் ஓரத்தில் பூசும் வெப்பப் பெயின்ட் இதற்கு உதவும். பச்சைப் பெயின்ட் நிறம் மாறினால் 430 டிகிரி, ஆரஞ்சு மாறினால் 560, சிவப்பு மாறினால் 610 டிகிரி தொட்டிருக்கிறது என்று அர்த்தம்.

அப்போ பெரிய பிரேக் கிட்?

இங்கேதான் பலருக்கும் ஏமாற்றம். ஒரே ஒரு முறை பிரேக் பிடித்தால், கார் எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்பதைத் தீர்மானிப்பது டயரின் பிடி. ஏபிஎஸ் வேலை செய்யும் அளவுக்கு ஏற்கெனவே பிரேக் பிடிக்கிறது என்றால், பெரிய டிஸ்க் போட்டாலும் அந்தத் தூரம் பெரிதாகக் குறையாது. பத்தாவது சுற்றில்தான் அதன் பலன் தெரியும். அதிக உலோகம் என்பதால் சூடு மெதுவாக ஏறும். முன்பக்கம் மட்டும் பெரிதாக்கினால் முன்-பின் சமநிலை கெடலாம், பழைய வீல் அதன் மேல் உட்காராமலும் போகலாம்.

துளையிட்ட டிஸ்க் பார்க்க அழகு. ஆனால் டிராக் சூட்டில் துளைகளைச் சுற்றியே விரிசல் தொடங்குகிறது. கோடு கிழித்த டிஸ்க் பரவாயில்லை. கார்பன் செராமிக் டிஸ்க் எடையில் வார்ப்பிரும்பில் கிட்டத்தட்ட பாதிதான், ஆனால் மாற்ற வேண்டி வந்தால் விலை கண்ணைக் கட்டும். ஸ்டீல் வலை போர்த்திய பிரேக் ஹோஸ், பெடலைக் கெட்டியாக்கும். சூட்டைக் குறைக்காது.

ஓட்டி முடித்ததும் செய்யக் கூடாதது

கடைசிச் சுற்றை பிரேக்கை அதிகம் தொடாமல் மெதுவாக ஓட்டி, காற்றில் ஆறவிட வேண்டும். பிட்டில் நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக் போடக் கூடாது. கொதிக்கும் பேட் டிஸ்க்கில் ஒட்டும், சூடு ஆயிலுக்கும் இறங்கும். கியரில் போட்டு, சக்கரத்துக்கு அடியில் கட்டை வைத்தால் போதும். டிஸ்க் மேல் தண்ணீர் ஊற்றவே கூடாது.

இன்னொன்று, ரேஸ், வேகப் பரிசோதனை போன்றவற்றில் ஏற்படும் சேதத்துக்கு இந்தியாவில் வழக்கமான மோட்டார் இன்சூரன்ஸ் பாலிசி பணம் தராது. டிராக் டேக்கு பெயர் கொடுக்கும் முன் பாலிசியை எடுத்து ஒருமுறை படித்துவிடுங்கள்.