ஊருக்கு ஒரு மரம்

கிறிஸ்துமஸ் மரம் யாருடைய மரம்? வசதி படைத்தவர் வீட்டு வரவேற்பறையில் மின்னும் மரம் என்றுதான் பலரும் எண்ணுகின்றனர். வரலாற்றைப் புரட்டினால் வேறொரு கதையும் தெரிகிறது.

1605ஆம் ஆண்டில் ஸ்திராஸ்பூர்க் நகர மக்கள் ஊசியிலை மரத்தை வீட்டுக்குள் நிறுத்தி, காகித ரோஜாக்களையும் ஆப்பிள் பழங்களையும் தொங்கவிட்டதாக ஒரு குறிப்பு உண்டு. 1848இல் விக்டோரியா மகாராணியின் குடும்பம் மரத்தைச் சுற்றி நிற்கும் படம் லண்டன் பத்திரிகை ஒன்றில் வந்தது. அதன் பின் அவ்வழக்கம் ஆங்கிலேயரிடையே வேகமாகப் பரவியது. 1912இல் நியூயார்க்கின் மேடிசன் சதுக்கப் பூங்காவில் ஒரு பெரிய மரத்தைப் பொதுவில் நிறுத்தி விளக்கேற்றினார்கள். வீட்டில் மரம் வைக்க வழியில்லாத ஏழைகளும் பண்டிகை காணவேண்டும் என்பதே அதன் நோக்கம்.

இனிப் பேராக்கிற்கு வருவோம். 1877இல் குவாலா கங்சாரில் 9 ரப்பர் கன்றுகள் நடப்பட்டன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின; பால்மரம் சீவத் தமிழர்கள் கப்பலேறி வந்தார்கள். அவர்களில் கிறிஸ்தவர்களும் இருந்தனர். அதற்கு முன்பே, 1880களில், பாகான் செராயில் பாதிரியார் ஃபே தமிழ்க் கத்தோலிக்கருக்கென ஒரு குடியேற்றத்தை உருவாக்கியிருந்தார்.

வெப்ப நாட்டில் ஊசியிலை மரத்துக்கு எங்கே போவது? சவுக்குக் கிளையே கிறிஸ்துமஸ் மரமாயிற்று. பஞ்சு பனியாயிற்று, வண்ணக் காகிதம் நட்சத்திரமாயிற்று. லயத்து வீடுகள் ஒட்டி ஒட்டி நின்றன. வாசல் எல்லாருக்கும் பொது. குடில் கட்டும்போது பக்கத்து வீட்டு இந்துப் பிள்ளைகளும் கூட நின்றார்கள். தீபாவளிக்கு முறுக்கு வந்த தட்டு, கிறிஸ்துமஸ் பலகாரத்தோடு திரும்பியது. நியூயார்க் பூங்காவில் திட்டமிட்டுச் செய்ததைத் தோட்டத்து மக்கள் தம் வாழ்க்கை முறையாலேயே செய்துவிட்டார்கள்.

பிறகு தோட்டங்கள் மாறின. 1980களிலிருந்து பல ரப்பர்த் தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடம் கொடுத்தன. லயங்கள் மறைந்தன; மக்கள் தாமான்களிலும் அடுக்குமாடிகளிலும் சிதறினார்கள். கடையில் வாங்கிய பிளாஸ்டிக் மரம் வீட்டுக்கு வீடு வந்தது. ஆனால் கதவு சாத்தியபின் அதைப் பார்ப்பவர் யார்?

இழந்தது வெறும் லயம் மட்டுமா? பொது வாசலும் அதோடு போயிற்று. அதை மீட்கப் பெரிய செலவு தேவையில்லை. அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் ஒரு மரத்தை நிறுத்தலாம். அடுத்த வீட்டுப் பிள்ளையை அழைத்து ஒரு நட்சத்திரம் கட்டச் சொல்லலாம். பல கைகள் கூடி அலங்கரித்தால் அது ஊர் மரம்.